நாலு விரல் குறைச்சல்

என் தம்பி வலதுகைக்காரன். சாப்பிடுவது, எழுதுவது, திருகாணி முடுக்குவது எல்லாம் வலது கையால்தான். சாக்ஸ் பின்னும்போது மட்டும் இடதுகைக்காரனாகிவிடுவான். அவனுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தது போன் வீடியோவில் வந்த ஒரு அம்மாள். அந்த அம்மாள் இடதுகைக்காரி. அவள் என்ன பாஷை பேசினாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. வாயைக் கவனிக்காமல் கையை மட்டும் பார்த்து, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு நூல்கண்ணியாகக் கற்றுக்கொண்டான். பெரும்பாலானவர்கள் மறுபக்கமாகப் பின்னுகிறார்கள் என்று தெரியவந்தபோது பதினோரு ஜோடி முடித்திருந்தான். "இனிமே மாத்தினா விரல் கோவிச்சுக்கும்" என்று அப்படியே விட்டுவிட்டான்.

அவனுக்கு நாற்பத்தொன்று. எனக்கு நாற்பத்தேழு. அப்பா அம்மா போனபிறகு இரண்டு அறை வீட்டில் நானும் அவனும்தான். நான் எட்டாவதோடு நின்றவள். சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். அவன் குளிர்கிடங்கில் சரக்கு அடுக்குகிறான். பட்டாணியும் மீனும் கல் மாதிரி உறைந்து கிடக்கும் இடம். முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தால் கால் மணி நேரம் வெளியே வந்து சூட்டறையில் உட்கார வேண்டும், அது அங்கே சட்டம். சூட்டறையில் ஒரு ஹீட்டர், இரண்டு பெஞ்சு, ஒரு சீட்டுக்கட்டு. என் தம்பிக்குச் சீட்டு வராது. கையில் நல்ல சீட்டு விழுந்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

ஒருநாள் கிடங்கு டாக்டர் அவன் விரல்களை அமுக்கிப் பார்த்து, இரத்த ஓட்டம் போதவில்லை, விரலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொன்னார். சும்மா ஆட்டிக்கொண்டிருக்க அவனுக்கு வெட்கமாக இருந்ததாம். அதற்காகத்தான் அந்த அம்மாளைப் போனில் கண்டுபிடித்தான். இரண்டு ஊசி, ஒரு பந்து உல்லன் நூல். பிறகு நாலு சின்ன ஊசி வாங்கினான். அப்போது தொடங்கிய பொழுதுபோக்கு, மற்றவர்கள் வெற்றிலை பாக்குப் போடுகிற மாதிரி அவனுக்கு ஒட்டிக்கொண்டது.

முதல் சாக்ஸை அவன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அது இரண்டு கால் நுழையும் அகலத்துக்கு வந்துவிட்டது. சூட்டறையில் டீ கெட்டில் ஆறாமல் இருக்க மேலே மாட்டிவிட்டார்கள்.

"என்ன சைலன்ஸர், எத்தனாவது மாசம்?" என்று சீட்டாடுகிறவர்கள் கேட்பார்களாம். பேசாத ஆள் என்பதால் அங்கே அவனுக்கு அந்தப் பெயர்.

"ரெட்டைப் பிள்ளைடா. இல்லன்னா எதுக்கு ஜோடியா பின்றான்?" என்று பதில் சொல்வது ஹாரன். ஹாரன் என்பவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிப்பார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். வாயும் அப்படித்தான் என்று தம்பி சொல்லியிருக்கிறான். அவனுக்கு இந்த உலகத்தில் சிநேகிதன் என்று இருந்தது அந்த ஒரு ஆள். நான் பெயரைத்தான் கேள்விப்பட்டிருந்தேன், ஆளைப் பார்த்ததில்லை.

ஆறாவது ஜோடியிலிருந்து பின்னல் நன்றாக வந்துவிட்டது. குதிகால் திரும்புகிற இடம் கடினம் என்பார்கள். அவன் பின்னிய குதிகாலில் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை. ரப்பர் பூட்ஸுக்குள் கால் விறைத்துப்போகிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் பின்னிக் கொடுத்தான். எத்தனாவது மாதம் என்று கேட்டவர்கள் காலிலும் அவன் சாக்ஸ்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது. காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம். நாற்பது வயது ஆம்பளை பஸ்ஸில் உட்கார்ந்து ஊசியை ஆட்டிக்கொண்டிருந்தால், எங்கள் கம்பெனிப் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். நான் மூன்று சீட் தள்ளிப்போய் உட்காருவேன். ஒருநாள் சொல்லியே விட்டேன்.

"டேய், வீட்டுக்குள்ள என்ன வேணா பண்ணு. பஸ்ல வேணாம். எனக்குத்தான் மானம் போகுது."

"சரிக்கா" என்றான். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கொஞ்சம் முன்னாடியே வேலைக்குக் கிளம்பினான். சரக்கு அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். பத்து நிமிஷம் முந்தின பஸ்ஸைப் பிடித்து, அதில் உட்கார்ந்து பின்னிக்கொண்டு போகிறான் என்று எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆயிற்று. தெரிந்தபிறகும் நான் எதுவும் சொல்லவில்லை.

போன வருஷம் கிடங்கில் ஒரு விபத்து. மேல்தட்டிலிருந்து மீன் பெட்டி சரிந்து ஹாரன் காலில் விழுந்தது. ஏழு மாதம் அவர் வீட்டில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

"எப்படிடா இருக்காரு?"

"இருக்கான்க்கா."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலில் அடி, ஆறிக்கொண்டு வருகிறது, அதுதான் எனக்குத் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தொழிலாளர் வீட்டார் செய்யும் கைவேலைகளை சனிக்கிழமை சாப்பாட்டு ஹாலில் மேஜை போட்டு வைக்கலாம், நல்லதுக்குப் பரிசு உண்டு என்று. வருஷக்கணக்காக என்னைப் பார்த்து உதட்டைக் கடித்த பெண்களுக்கு முன்னால் என் தம்பியின் கைவேலையை வைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்தது. அவனிடம் கேட்டால் வேண்டாம் என்பான். அதனால் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவன் போனபிறகு அவன் பெட்டியைத் திறந்தேன். புதுசாக முடித்த ஜோடி மேலேயே இருந்தது. சாம்பல் நிறம், குதிகால் மட்டும் கருநீலம். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இடது சாக்ஸ் சரி. வலது சாக்ஸ், குதிகாலிலிருந்து நுனிவரை நான் விரல் வைத்து அளந்தேன், நாலு விரல் குறைச்சல். நுனியும் நேராக இல்லை. பெருவிரல் பக்கம் வெட்டினாற்போல் தொடங்கி சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து முடிந்திருந்தது. அவசரத்தில் நூலை முடித்துப்போட்டிருக்கிறான் என்று முடிவுகட்டினேன். இதை மேஜையில் வைத்தால் செக்கிங்காரி வீட்டு லட்சணம் இதுதானா என்று கேட்பார்களே என்றுதான் அப்போது நினைத்தேன்.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் அளவுத்தாள் வரும். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பீஸில் டேப் வைக்க வேண்டும். கைநீளம் கட்டையாக இருக்கிறது என்று நாமாக முடிவு செய்யக்கூடாது. அந்த மாடலுக்கே கை கட்டையாக இருக்கலாம். புதுசாக வரும் பெண்கள் தாள் இல்லாமல் பீஸைத் தொட்டால் நான் அவர்களை அழவைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த சாக்ஸுக்குத் தாள் எங்கே என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டன் தைக்கும் பிரிவில் ஒருத்திக்குப் பின்னல் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் சாக்ஸையும், பெட்டியில் மிச்சமிருந்த சாம்பல் நூலையும் கொடுத்தேன்.

"என்னக்கா இது, எல்லாம் மறுபக்கமா சாயுது? உங்க தம்பி கண்ணாடியைப் பாத்துப் பின்னினாரா?"

"அதெல்லாம் அவன் பாணி. நீ நுனியைப் பிரிச்சு இதே அளவுக்கு நீட்டிக் குடு, போதும்."

சாயங்காலம் மணி அடிப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டாள். டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இருபத்தாறு சென்டிமீட்டர். அப்பாடா என்று இருந்தது.

சனிக்கிழமை அரைநாள். பத்து மணிக்கு மேஜையில் வெள்ளைத்துணி விரித்து ஜோடியை வைத்தேன். 'என் தம்பி, குளிர்கிடங்குத் தொழிலாளி' என்று அட்டையில் எழுதி, எழுத்து கோணலாகிவிட்டதால் இன்னொரு அட்டையில் திரும்ப எழுதி வைத்தேன். பெண்கள் வந்து தொட்டுப் பார்த்தார்கள். மேலாளர் குதிகாலைத் திருப்பிப் பார்த்து, "மெஷின்ல போட்ட மாதிரி இருக்கே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதைதான் சொன்னேன். நேற்று வரைக்கும் இது நாலு விரல் குறைச்சலாக இருந்தது, நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தேன், சரி பண்ண வைத்தேன் என்று.

பதினொன்றரைக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, பெட்டியில சாம்பல் ஜோடி இருந்துதே, பாத்தியா?"

"இங்கதான்டா இருக்கு, எங்க கம்பெனியில. நீ உடனே கிளம்பி வா. வந்து பாரு!"

அரைமணியில் வந்தான். கூட இன்னொருவர். தம்பி வயசுதான் இருக்கும், அகலமான தோள். மெதுவாக நடந்துவந்தார். வலது பூட்ஸைத் தரையில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து வைப்பதுபோல் வைத்தார். கிடங்கில் கூட வேலை செய்கிறவர் யாரோ என்று நினைத்தேன். தம்பி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நான் விடவில்லை.

"இவன்தான், இவன்தான் என் தம்பி!" என்று கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் எட்டுப் பத்துப் பெண்கள்.

அவன் வலது சாக்ஸை எடுத்தான். உள்ளே கையை விட்டு நுனிவரை கொண்டுபோனான். அவன் முகம் வெளுத்துப்போனது.

"இது யார் கை?"

"பட்டன் பிரிவுல ஒருத்தி. நீ நாலு விரல் குறைச்சலா விட்டுருந்தியே! இருபத்திரண்டு வருஷமா பாக்கறேன், என் கண்ணுக்குத் தப்புமா?"

"அக்கா, போதும்."

"என்ன போதும்? கூச்சத்தைப் பாரு இவனுக்கு." கூட வந்தவரைப் பார்த்துத் திரும்பினேன். "நீங்களே சொல்லுங்க தம்பி. எந்த மனுஷனுக்காவது ஒரு கால் நாலு விரல் குறைச்சலா இருக்குமா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"இருக்கும்க்கா" என்றார் அவர். "எனக்கு இருக்கு."

அவர் குரல் கொஞ்சம்கூட உயரவில்லை.

"கரெக்டா அளந்திருக்கீங்க. நாலேதான். சுண்டு விரலை மட்டும் டாக்டர் விட்டு வெச்சாரு." பிறகு தம்பியிடம், "வாடா, போலாம்" என்றார். வாசல்வரை அதே மாதிரி யோசித்து யோசித்துக் காலை வைத்து நடந்தார். அந்த ஹால் நீளமானது. அவர் நடந்து முடிக்கும்வரை எல்லோரும் அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேஜைத்துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்தான் ஹாரன் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின் தம்பி பேசினான். அவன் வாழ்நாளில் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. சாக்ஸைப் போட்டுப் பார்க்கத்தான் ஹாரன் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாராம். திங்கட்கிழமை அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். பூட்ஸ் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடந்தால்தான் வண்டியைக் கொடுப்பார்கள். இல்லையென்றால் வாசலில் காவலுக்கு உட்காரவைத்துவிடுவார்கள். கடையில் வாங்கும் சாக்ஸின் முன்பக்கம் அவர் காலில் காலியாக மடங்கிச் சுருண்டு, தையல் போட்ட இடத்தைத் தேய்க்கிறது. மத்தியானத்துக்குள் இரத்தம் வந்துவிடுகிறது. காலில் விரல் இல்லை என்பது கிடங்கு டாக்டருக்கும் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று ஹாரன் சத்தியம் வாங்கியிருந்தார்.

"காலைக் காட்டவே மாட்டேன்னுட்டான்க்கா. அளவெடுக்கவே நாலு ஞாயித்துக்கிழமை ஆச்சு. மூணு வாரம் போர்வையையே எடுக்கல. நாலாவது வாரம்தான் பேப்பர்ல காலை வெச்சு வரைய விட்டான். பின்னி முடிச்சதும் அந்தப் பேப்பரைக் கேட்டான். கிழிச்சுப் போட்டுட்டான். தன் கால் படம் எங்கயும் இருக்கக்கூடாதுன்னான்."

"கண்ணி எத்தனைன்னு எழுதி வெச்சியா?"

"அந்தப் படத்துல வெச்சுப் பாத்துப் பாத்துக் குறைச்சேன். எதை எழுதறது?"

அவருக்குப் போன் செய்து பார்த்தான். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. "விடுடா சைலன்ஸர். பழைய துணி நிறைய இருக்கு, திணிச்சுக்கறேன்." போனை வைத்துவிட்டு, பட்டன்காரி பின்னியிருந்த பகுதியைத் தம்பி பிரித்தான். நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தம்பி எப்போதோ ஒரு தாளில் எழுதி வைத்திருந்த ஹாரன் வீட்டு முகவரி இருந்தது. இரண்டு பஸ் மாறிப் போனேன். கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் நகரவில்லை.

"ஓ, செக்கிங் அக்காவா."

"மன்னிச்சுடுங்க தம்பி."

"எதுக்கு? நீங்க சாக்ஸைத்தானே சொன்னீங்க."

"எனக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க. தெரியாததாலதான் அவ்ளோ சத்தமா சொன்னீங்க. அது சரி, பத்துப் பேர் முன்னாடி சொல்லிட்டு ஒருத்தன் வீட்டுல வந்து மன்னிப்புக் கேக்கறீங்களே, மத்த ஒம்பது பேர் எங்க?"

பையைத் திறந்து டேப்பை எடுத்தேன்.

"நாளைக்கு நீங்க வேலைக்குப் போகணும். அளவு இருந்தா அவன் இன்னிக்கே முடிச்சுடுவான். காட்டுங்கன்னு கேக்க எனக்கு வாய் இல்ல. ஆனா அளவு வேணும்."

"அவன் அனுப்பினானா?"

"நான் வந்தது அவனுக்குத் தெரியாது."

அவர் கதவை விட்டு நகர்ந்து வழி விட்டார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். நான் தரையில் மண்டியிட்டேன். அந்தக் காலைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். பின்னலுக்கு வேண்டியதை மட்டும் அளந்தேன். குதிகாலிலிருந்து உள்பக்கம், வெளிப்பக்கம், அகலம் மூன்று இடத்தில், சாய்வு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. ஒரு இடத்தில் டேப் பட்டதும் காலை இழுத்துக்கொண்டார். அதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் தாளில் எழுதினேன்.

"உள்பக்கம் எவ்ளோ?" என்றார், சுவரைப் பார்த்தபடியே.

"எழுதிக்கிட்டேன் தம்பி."

"சொல்லுங்க. நேத்து சொன்னீங்களே."

மெதுவாகச் சொன்னேன். "பத்தொம்பது."

"நேத்தைக்கு இன்னிக்கு வால்யூம் கம்மி" என்றார். சிரிக்கவில்லை. துணியைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் தாளைத் தம்பியிடம் நீட்டினேன். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தான். காலியாக விட்டிருந்த இடத்தில் விரலை வைத்தான்.

"இது?"

"தொட விடல."

"அது எனக்கு ஞாபகம் இருக்கு" என்று சொல்லி ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தான். மூன்று மணிக்கு நுனியை மூடினான். உள்பக்கத்தைத் திருப்பித் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தான், எங்கேயாவது முடிச்சு உறுத்துகிறதா என்று. இரண்டு இடத்தைப் பிரித்துத் திரும்பப் பின்னினான். பிறகு அவனே எடுத்துக்கொண்டு போனான். கூட வரட்டுமா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஹாரனுக்கு வண்டி கிடைத்தது. சூட்டறையில் விஷயம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் கம்பெனிப் பெண்கள் எட்டுப் பத்துப் பேரின் வாயை நான் எப்படி மூட முடியும்? ஒவ்வொருத்தியாகப் போய்க் கெஞ்சினேன். எல்லோரும் சரி என்றார்கள். பரிசாக வந்த டிபன் பாக்ஸை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

என் தம்பி இப்போதும் இடதுகையால்தான் பின்னுகிறான். ஹாரனுக்கு மட்டும் ஐந்து ஜோடி ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சாக்ஸ் வாங்க அவரே எங்கள் வீட்டுக்கு வருவார். படியில் அவர் குரல் கேட்டதும், இந்தத் தடவை முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. அவ்வளவு பேசுகிற மனுஷன், நான் நிமிரும்வரை ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்.